வென்று வென்றே தோற்றவன்

(சங்கத்தின் ஞாயிறு படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சீன தேசத்தில் 2200 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு யுத்தம். அதிலே ஒரு மன்னன் ஏன் தோற்றான் என்பது கேள்வி. எங்கேயோ ஒரு சீனத்து மன்னன் தோற்றால் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஒரு வேலைநிறுத்தம் பாதியில் முறிந்தால், ஒரு குடிசைப் பகுதியைப் புல்டோசர் வந்து இடித்துத் தள்ளினால், மறுநாள் குழாயடியில் நம்மவர்கள் பேசிக்கொள்வது என்ன? "நேரம் சரியில்லை. தலையில் எழுதினது அவ்வளவுதான்." இதே பேச்சைப் பேசிவிட்டுத்தான் அந்த மன்னனும் செத்தான்.

அவன் பெயர் சியாங் யூ. கி.மு. 202-ஆம் ஆண்டு. லட்சக்கணக்கான படையை நடத்தியவனிடம் அன்று மிச்சமிருந்தது 28 குதிரை வீரர்கள். சுற்றிலும் எதிரியின் குதிரைப் படை ஆயிரக்கணக்கில் நிற்கிறது. அந்த 28 பேரைப் பார்த்து அவன் சொன்னான்: தான் படை திரட்டி எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், எழுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒன்றிலும் தோற்றதில்லை என்றும், இப்போது தன்னை அழிப்பது வானமே தவிரத் தன் போர்முறையில் குற்றமில்லை என்றும் சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று எதிரிப் படைக்குள் பாய்ந்து ஒரு தளபதியை வெட்டினான், கொடியைச் சாய்த்தான், திரும்பி வந்தான். இழந்தது இரண்டே ஆட்கள். அதாவது சாவதற்குச் சற்று முன்னால் அவன் நடத்திய சண்டையிலும் அவனுக்குத்தான் வெற்றி!

சுமார் நூறு ஆண்டு கழித்து சிமா சியென் என்ற சரித்திர ஆசிரியர் இந்தக் கதையை விரிவாக எழுதினார். அவருக்குச் சியாங் யூ மீது மதிப்பு இருந்தது; மன்னர்களின் வரிசையிலேயே அவனை வைத்து எழுதினார். ஆனால் வானத்தின் மீது பழி போட்ட அந்தப் பேச்சை மட்டும் அவர் ஏற்கவில்லை, சுத்த அபத்தம் என்று தள்ளிவிட்டார். நாமும் அவர் பக்கம்தான். இனிமேல் நாங்கள் சொல்லப்போகும் எண்கள் பெரும்பாலும் அவர் எழுதியவை. பழைய காலத்துப் படைக் கணக்கு என்பது மஸ்டர் ரோல் அல்ல, கூடக்குறைய இருக்கும் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

முதலில் பூகோளம். பூகோளம் பிடிபடாமல் யுத்தம் பிடிபடாது. நம்மில் ரயில்வேக்காரர்கள் பலர் இருப்பதால் ரயில் பாதையை வைத்தே சொல்லிவிடலாம். இன்றைய சீனாவில் கிழக்கே கடலோரத்துத் துறைமுகமான லியான்யுன்காங்கிலிருந்து மேற்கே லான்ஜோ வரை போகிற நீண்ட பாதைக்கு லோங்ஹாய் லைன் என்று பெயர். அந்த லைனில் கிழக்கிலிருந்து மேற்கே போனால் முதலில் சூஜோ என்ற பெரிய ஜங்ஷன். அன்று அதன் பெயர் பெங்செங். சியாங் யூவின் தலைநகர். அடுத்து சாங்சியூ, அதைச் சுற்றிய வட்டாரம் அன்று லியாங் நாடு. அதற்கும் மேற்கே ஜெங்ஜோ ஜங்ஷன். அதைத் தாண்டிய உடனே சிங்யாங். போர் நிலைகொண்டு நின்ற இடம் இதுதான். பிறகு லோயாங். பிறகு மலை இடுக்கு. மலையைத் தாண்டினால் சியான், சியென்யாங் நகரங்கள் இருக்கிற செழிப்பான சமவெளி. நான்கு பக்கமும் மலையும் கணவாயும் காவல் இருப்பதால் கணவாய்க்கு உள்ளே இருக்கும் நாடு என்ற பொருளில் அதற்குக் குவான்சோங் என்று பெயர். ஆக, அந்த நான்காண்டு யுத்தத்தின் முதுகெலும்பு இந்த ஒரே ஒரு லைன். பெங்செங்கிலிருந்து சிங்யாங் 350 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தை மறக்காதீர்கள்.

இனி கதை. கி.மு. 221-இல் சீனாவை முதன்முதலாக ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தது சின் அரசு. சுவர் கட்ட, சாலை போட, அரசனுக்குக் கல்லறை கட்ட என்று லட்சக்கணக்கான குடியானவர்களை ஊரைவிட்டு இழுத்துக்கொண்டு போனது. 209-இல் எல்லைக் காவலுக்காக ஓட்டிச் செல்லப்பட்ட 900 பேர் மழையில் சிக்கி வழியிலே தங்கினார்கள். குறித்த நாளுக்குப் போய்ச் சேராவிட்டால் தலை போகும் என்று பயந்து கலகம் செய்தார்கள். நாடே பற்றிக்கொண்டது. (1975-இல் ஹூபே மாநிலத்தில் சின் காலத்துச் சிறு அதிகாரி ஒருவரின் கல்லறையில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன. கட்டாய வேலைக்குத் தாமதமாய் வந்தால் அபராதம்தான், மழையென்றால் அதுவும் இல்லை என்று அவற்றில் இருக்கிறது. எல்லைக் காவலுக்கும் இதே விதியா என்பதில் தகராறு உண்டு. எப்படியானாலும், ஏட்டிலே இருக்கிற சட்டம் வேறு, மேஸ்திரி கையிலே இருக்கிற சட்டம் வேறு என்பது நமக்குத் தெரியாததா?)

இந்தக் கலகத்திலே எழுந்தவர்கள் இரண்டு பேர். சியாங் யூ தெற்கே சூ நாட்டின் தளபதிக் குடும்பத்துப் பிள்ளை. ஆஜானுபாகு, அஞ்சா நெஞ்சன். மற்றவன் லியூ பாங், குடியானவர் வீட்டில் பிறந்து ஒரு சாவடியின் பொறுப்பாளனாக இருந்தவன். கைதிகளைக் கட்டாய வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது பாதிப்பேர் தப்பி ஓடிவிட, மீதிப் பேரையும் அவிழ்த்துவிட்டுத் தானும் காட்டுக்குள் போனவன். குடிப்பான், கடன் வைப்பான், கெட்ட வார்த்தை பேசுவான். வீரத்திலே சியாங் யூவின் கால் தூசி பெறமாட்டான்.

சியாங் யூவின் பெயர் நாடெங்கும் பரவியது ஜூலூ சண்டையில், கி.மு. 207-இல். ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்தான், சமையல் பானைகளை உடைத்தான், மூன்று நாள் சாப்பாட்டை மட்டும் வீரர்கள் கையில் கொடுத்தான். திரும்பிப் போக வழியில்லை, வென்றால் சோறு. சின் அரசின் பெரும்படையை அங்கே நொறுக்கினான். நண்பர்களாய் வந்த மற்றப் படைகள் கோட்டைச் சுவர் மேல் நின்று வேடிக்கை பார்த்தன. சண்டை முடிந்ததும் அவற்றின் தலைவர்கள் மண்டியிட்டு நகர்ந்து வந்தார்கள்.

மகத்தான வெற்றிதான், மறுப்பில்லை. ஆனால் அந்த வெற்றியே அவனுக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது என்பது எங்கள் அபிப்பிராயம். பானையை உடைத்து ஒரு நாள் ஜெயிக்கலாம். நான்காண்டு யுத்தத்துக்குப் பானை வேண்டும்.

அடுத்து நடந்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. சரணடைந்த சின் படையை அழைத்துக்கொண்டு அவன் மேற்கே போகிறான். முன்பு கட்டாய வேலைக்குப் போய்ச் சின் அதிகாரிகளிடம் அடிபட்டவர்கள் அவன் படையில் பலர். அவர்கள் இப்போது இந்தக் கைதிகளை அடிமைபோல் நடத்தினார்கள். இவனும் இழுத்து வரப்பட்ட குடியானவன், அவனும் இழுத்து வரப்பட்ட குடியானவன். கோபம் மாத்திரம் இவர்கள் இருவருக்குள்ளே! கைதிகள் முணுமுணுத்தார்கள். கலகம் செய்வார்களோ என்று சந்தேகப்பட்ட சியாங் யூ, லோயாங்குக்கு மேற்கே சின்ஆன் என்ற ஊரில் ஒரே இரவில் 2 லட்சத்துக்கும் அதிகமான பேரைக் கொன்று புதைத்தான் என்கிறது சரித்திரம். அவர்களுடைய தளபதிகள் மூன்று பேரை மட்டும் உயிரோடு வைத்து, பின்னால் குவான்சோங் நாட்டுக்கே அந்த மூவரை மன்னர்களாக்கினான். பிள்ளையை இழந்த வீடுகள் இருக்கிற நாட்டுக்கு, பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்தவனை ராஜாவாக அனுப்பினால் அங்கே அந்த ராஜா எத்தனை நாள் நிற்பான்?

அவனுக்கு முன்பே வேறு வழியாகக் குவான்சோங்கில் நுழைந்திருந்தவன் லியூ பாங். அவன் செய்த காரியங்கள் இரண்டு. சின் அரசின் கடுமையான சட்டங்களை ரத்து செய்தான்; கொன்றவனுக்கு மரணம், காயப்படுத்தினாலோ திருடினாலோ தகுந்த தண்டனை, அவ்வளவுதான் சட்டம் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சொன்னான். இன்னொன்றைச் செய்தது அவனல்ல, அவன் ஊர்க்காரரான சியாவ் ஹெ என்ற குமாஸ்தா. படைத்தலைவர்கள் எல்லாம் தங்கமும் பட்டும் இருக்கிற களஞ்சியத்துக்கு ஓடியபோது இந்த மனிதர் நேராகச் சின் அரசின் தலைமை ஆபீசுக்குப் போய்ச் சட்டப் புத்தகங்களையும் வரைபடங்களையும் பதிவேடுகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். எந்த ஊரில் எத்தனை குடும்பம், எங்கே நெல் விளைகிறது, எங்கே கணவாய் குறுகுகிறது எல்லாம் அதிலே இருந்தது. கூட்ஸ் ஆபீசில் பேரேடு எழுதிக் கண் கெட்டவர்களான நாங்கள் இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

பிறகு கி.மு. 206-இல் சியாங் யூ வந்தான். சரணடைந்திருந்த சின் மன்னனைக் கொன்றான். அரண்மனைகளுக்குத் தீ வைத்தான். மூன்று மாதம் எரிந்ததாம். (அபாங் அரண்மனை எரிந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். 2002-க்குப் பிறகு அங்கே தோண்டியவர்கள் மண் மேடையைத்தான் கண்டார்கள், எரிந்த அடையாளம் இல்லை. சியென்யாங் அரண்மனைகளில் எரிந்த அடையாளம் உண்டு.) ஒருவர் அவனிடம் எடுத்துச் சொன்னார்: இந்த நாடு நான்கு பக்கமும் காவல் உள்ளது, மண் வளமானது, இங்கேயே இருந்து ஆளுங்கள் என்று. சியாங் யூவுக்கு ஊர் நினைப்பு. பெரிய ஆளான பிறகு சொந்த ஊருக்குப் போய்க் காட்டாவிட்டால் இருட்டிலே பட்டாடை கட்டி நடந்தது போல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சிரிக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியாவது டிரங்குப் பெட்டி நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நாம். அந்த ஆசை நமக்குப் புரிகிறது. ஆனால் பெங்செங் சமவெளியில் இருக்கிற ஊர். மலையில்லை, கணவாயில்லை, எந்தப் பக்கமிருந்தும் எதிரி வரலாம். ஆசைக்காகத் தலைநகரம் வைத்தான்; அதைக் காப்பாற்றவே அவனுடைய பாதிக் காலம் போயிற்று.

வென்ற நாட்டைப் பங்கு போட்டதில் அடுத்த கோளாறு. 18 மன்னர்களை நியமித்தான். தனக்குப் பிடித்தவனுக்கு நல்ல பங்கு, பிடிக்காதவனுக்கு மூலை முடுக்கு. முதலில் தலைநகருக்குள் நுழைபவனுக்கே குவான்சோங் என்பது பேச்சு. அந்தப் பேச்சை மீறி லியூ பாங்கை மலைக்கு அப்பால் தென்மேற்கே தள்ளினான். கிழக்கே சீ நாட்டில் தியென் ரோங் என்பவனுக்கு ஒன்றுமில்லை. பத்தாயிரம் பேரை வைத்திருந்த பெங் யுவே என்ற ஏரி மீனவனுக்கும் ஒன்றுமில்லை. பங்கு போட்ட சில மாதங்களுக்குள் தியென் ரோங் கலகம் செய்தான். அதே ஆண்டு லியூ பாங் மலையைத் தாண்டி வந்து குவான்சோங்கைப் பிடித்தான். அந்த மூன்று ராஜாக்களுக்காகச் சண்டை போட அங்கே ஆளில்லை.

இப்போது சியாங் யூவுக்கு இரண்டு பக்கம் நெருப்பு. எதை முதலில் அணைப்பது? மேற்கே இருக்கிறவன்தான் உண்மையான எதிரி. ஆனால் லியூ பாங்கின் ஆலோசகர் சாங் லியாங், எங்களுக்குக் குவான்சோங் போதும், மேலே வரமாட்டோம் என்று கடிதம் எழுதினார். அதை நம்பி அவன் சீ நாட்டின் மேல் போனான். வென்றான். தியென் ரோங்கைத் தப்பி ஓடிய இடத்தில் ஜனங்களே கொன்றுவிட்டார்கள். அத்தோடு காரியம் முடிந்தது என்று திரும்பியிருக்கலாம். அவனோ ஊர்களை எரித்தான், சரணடைந்தவர்களைப் புதைத்தான், கிழவர்களையும் பெண்களையும் கட்டி இழுத்துப் போனான். அடங்கியிருந்த நாடு மறுபடி எழுந்தது. அங்கேயே சிக்கிக்கொண்டான்.

இதற்கிடையில் முன்பு தானே ஒப்புக்கொண்ட சூ நாட்டு அரசனையும் ஆள் வைத்துக் கொன்றிருந்தான். லியூ பாங்குக்கு இது வெல்லக்கட்டி. அந்த அரசனுக்காகத் துக்கம் கொண்டாடி, அநியாயத்தைக் கேட்போம் என்று எல்லா மன்னர்களையும் கூட்டினான். கி.மு. 205-இல் 5 லட்சத்து 60 ஆயிரம் பேரோடு பெங்செங்கையே பிடித்தான். பிடித்துவிட்டுத் தினமும் விருந்து.

சியாங் யூ சீ நாட்டிலிருந்து 30 ஆயிரம் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றி வந்து மேற்குப் பக்கமிருந்து விடியற்காலை தாக்கினான். நடுப்பகலுக்குள் கதை முடிந்தது. ஆறுகளில் விழுந்து செத்தவர்களே லட்சக்கணக்கில் என்கிறார் சிமா சியென். லியூ பாங்கின் தகப்பனும் மனைவியும் பிடிபட்டார்கள். அவன் சில பத்துக் குதிரை வீரர்களோடு ஓடினான். வண்டி வேகமாய்ப் போகவேண்டும் என்று சொந்த மகனையும் மகளையும் கீழே தள்ளினான் என்றும், வண்டியோட்டி ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினான் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வண்டியோட்டியின் பெயர் சியாஹௌ யிங். பெயரைச் சொல்லவேண்டிய மனிதன்.

இப்படி அடிபட்டவன் எப்படி மீண்டான்? உலகத்தில் எத்தனையோ அரசர்கள் இதில் பாதி அடியில் ஒழிந்துபோயிருக்கிறார்கள். விடை சிங்யாங்கில் இருக்கிறது. இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

லியூ பாங் சிங்யாங்குக்கு ஓடி வந்து சேர்ந்தபோது, குவான்சோங்கிலிருந்து சியாவ் ஹெ ஆள் அனுப்பியிருந்தார். யாரை? படைப் பதிவில் வயது வராத சிறுவர்களையும், வயது கடந்த கிழவர்களையும்! அந்த ஆண்டு குவான்சோங்கில் கொடிய பஞ்சம். மனிதனை மனிதன் தின்றான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சம் பிழைக்க ஜனங்கள் மலை தாண்டித் தெற்கே ஷூ, ஹான் நாடுகளுக்குப் போகலாம் என்று அரசே அனுமதி கொடுத்தது. பிழைக்கப் போகிற கால்நடைப் பயணம் எப்படி இருக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த நிலையிலும் அங்கிருந்து ஆளும் தானியமும் சிங்யாங்குக்கு வந்துகொண்டே இருந்தன. குவான்சோங்கில் எல்லாம் கொட்டிக் கிடந்தது என்று நினைக்கவேண்டாம். எங்கே எவ்வளவு இருக்கிறது, எங்கே இல்லை என்ற கணக்கு ஒருவர் கையில் இருந்தது. தானியம் வேய் ஆற்றிலும் மஞ்சள் ஆற்றிலும் இறங்கி, நீரோட்டத்தோடு கிழக்கே வரும். அதற்கு மேல் சிங்யாங்குக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் ஆற்றங்கரை மேட்டில், ஆவ் களஞ்சியம் இருந்தது. சின் அரசு கட்டிய பெரிய தானியக் கிடங்கு. அங்கிருந்து எதிரி கைக்கு எட்டாமல் மூட்டை கொண்டுவர இருபுறமும் சுவர் வைத்து ஒரு பாதையே கட்டினார்கள்.

சியாங் யூவின் பக்கம் பாருங்கள். அவனுடைய சோறு பெங்செங் பக்கத்திலிருந்து 350 கிலோமீட்டர் மேற்கே போகவேண்டும். வண்டி இழுக்கிற மாடும், ஓட்டுகிற ஆளும் வழியிலே தின்றது போகத்தான் மிச்சம். வேகனில் ஏற்றினது போய்ச்சேரும்போது எவ்வளவு குறைகிறது என்று கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை. அந்த வழியின் நடுவிலே லியாங் நாடு. அங்கே யார்? பங்கு கிடைக்காத அந்த மீனவன் பெங் யுவே! அவன் நேருக்கு நேர் நிற்கமாட்டான். சியாங் யூ வந்தால் வடக்கே ஓடுவான். போனால் திரும்பி வந்து தானிய வண்டியை எரிப்பான். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை சியாங் யூ சிங்யாங் முனையை விட்டுவிட்டு இவனைத் துரத்தக் கிழக்கே ஓடவேண்டியதாயிற்று. இரண்டு தடவையும் வென்றான். இரண்டு தடவையும் அவன் முதுகைத் திருப்பியதும் மேற்கே ஹான் படை முன்னேறியது.

சிங்யாங்கையும் அவன் பிடித்தான், கி.மு. 204-இல். சுவர்ப் பாதையை அறுத்து, உள்ளே பசியை உண்டாக்கித்தான் பிடித்தான். ஆகவே தானியத்தின் அருமை அவனுக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. ஆனால் ஊரைப் பிடித்தவன் களஞ்சியத்தை உறுதியாகக் காக்கவில்லை. லீ யிஜி என்ற கிழவர் லியூ பாங்கிடம் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: சோறுதான் ஜனங்களுக்குத் தெய்வம், அதை அவன் காவலின்றி விட்டிருக்கிறான், உடனே போய் எடு என்றார். மறு ஆண்டு சியாங் யூ பெங் யுவேயைத் துரத்தக் கிழக்கே போனபோது, செங்காவ் கோட்டையில் ஒரு தளபதியை வைத்து, 15 நாள் பொறு, என்ன திட்டினாலும் வெளியே வராதே என்று சொல்லிவிட்டுப் போனான். ஹான் வீரர்கள் ஐந்தாறு நாள் கோட்டைக்கு வெளியே நின்று வசை பாடினார்கள். தளபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆற்றைக் கடந்து வந்தான். பாதிப் படை கடக்கும்போது தாக்கினார்கள். செங்காவும் போயிற்று, ஆவ் களஞ்சியமும் நிரந்தரமாகப் போயிற்று.

இதே பயணத்தில் நடந்த ஒன்றை விட்டுவிட மனமில்லை. வாய்ஹுவாங் என்ற ஊர் சில நாள் எதிர்த்துவிட்டுப் பணிந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லோரையும் புதைக்கச் சொன்னான் சியாங் யூ. 13 வயதுப் பையன் ஒருவன், ஊர் அதிகாரியின் வேலையாள் ஒருவருடைய மகன், அவன் முன்னால் வந்து நின்றான். பெங் யுவே மிரட்டியதால் பயந்து பணிந்தோம், நீங்கள் வந்து காப்பீர்கள் என்று காத்திருந்தோம். நீங்களும் கொன்றால் கிழக்கே இருக்கிற பத்துப் பதினைந்து ஊர்களில் ஒன்றாவது உங்களுக்குக் கதவு திறக்குமா என்று கேட்டான். சியாங் யூ யோசித்தான், விட்டுவிட்டான். அங்கிருந்து சாங்சியூ வரை எல்லா ஊரும் சண்டையில்லாமல் பணிந்தன. எட்டு ஆண்டில் எந்தத் தளபதியும் கொடுக்காத யோசனையை ஒரு சிறுவன் கொடுத்தான். ஆனால் அதற்குள் கி.மு. 203 வந்துவிட்டது.

யோசனை சொல்கிறவர்கள் அவனிடம் இல்லாமல் இல்லை. இருந்தார்கள், போய்விட்டார்கள். ஹான் சின் முதலில் அவனிடம் வாசல் காவல் வேலையில் இருந்தவன். எத்தனையோ தடவை திட்டம் சொன்னான், கேட்கவில்லை. லியூ பாங்கிடம் போனான். அங்கேயும் முதலில் தானியக் கணக்கு வேலைதான் கிடைத்தது. அவனும் வெறுத்து ஓடியபோது சியாவ் ஹெ இரவோடு இரவாகத் துரத்திப் பிடித்து வந்து படைத்தலைவனாக்கச் சொன்னார். அந்த ஹான் சின் வடக்கே வேய், ஜாவ் நாடுகளை வென்று, யென்னைப் பணியவைத்து, கிழக்கே சீ நாட்டையும் 203-இல் பிடித்தான். அதாவது லியூ பாங் சிங்யாங்கில் அடிவாங்கிக்கொண்டே சியாங் யூவைக் கட்டிப்போட்டிருக்க, வெளியிலே ஒரு பெரிய கயிறு மெள்ளச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. தெற்கே யிங் பூ என்ற தளபதியும் கட்சி மாறினான். சென் பிங்கும் முன்னாள் சியாங் யூ ஆள்தான். அவன் செய்த சூழ்ச்சியால், கடைசியாய் மிஞ்சிய கிழ ஆலோசகர் பான் ஜெங் மீதே சியாங் யூ சந்தேகப்பட்டான். கிழவர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில் முதுகிலே கட்டி வந்து செத்தார்.

1962 ஜனவரியில் பெய்ஜிங்கில் நடந்த பெரிய கட்சி மாநாட்டில் மாவோ இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொன்னார். மாற்றுக் கருத்தைக் கேட்காத செயலாளர்களுக்குச் சியாங் யூவின் கதிதான் என்று எச்சரித்தார். நல்ல பேச்சு. நான்காண்டு கழித்து அவர் கட்சியிலேயே மாற்றுக் கருத்துச் சொன்னவர்கள் பட்டபாடு உலகறியும். கதை தெரிந்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு.

முடிவைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 203-இல் சோறு தீர்ந்த சியாங் யூ சமாதானத்துக்கு இறங்கினான். ஹோங்கோவ் என்ற கால்வாயை எல்லையாக வைத்து நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். சீனச் சதுரங்கப் பலகையின் நடுவிலே இன்றைக்கும் சூவின் ஆறு, ஹானின் எல்லை என்று எழுதியிருப்பது அந்த நினைவுதான். லியூ பாங்கின் தகப்பனையும் மனைவியையும் திருப்பி அனுப்பிவிட்டுச் சியாங் யூ ஊருக்குக் கிளம்பினான். சாங் லியாங்கும் சென் பிங்கும் சொன்னார்கள், எதிரி களைத்துப் பட்டினியாய்ப் போகிறான், இப்போது விட்டால் பிறகு முடியாது என்று. ஒப்பந்தத்தின் மை உலருமுன் லியூ பாங் துரத்தினான். குலிங்கில் மறுபடியும் அடி வாங்கினான்! வருவதாகச் சொன்ன ஹான் சின்னும் பெங் யுவேயும் வரவில்லை. என்ன கிடைக்கும் என்று முடிவாகாமல் அவர்கள் ஏன் வருவார்கள்? சாங் லியாங் யோசனைப்படி இன்ன எல்லை முதல் இன்ன எல்லை வரை உனக்கு என்று பிரித்துக் கொடுத்தான், வந்தார்கள். காய்சியாவில் சியாங் யூவைச் சூழ்ந்தார்கள். இரவில் நான்கு பக்கமும் எதிரி முகாமிலிருந்து தன் சொந்த சூ நாட்டுப் பாட்டுக் கேட்டது. நம் ஜனங்கள் எல்லோருமே அந்தப் பக்கம் போய்விட்டார்களா என்று திகைத்தான்.

800 குதிரைகளோடு உடைத்துக்கொண்டு ஓடினான். ஹுவாய் ஆற்றைத் தாண்டும்போது நூறு பேர். யின்லிங்கில் வழி தெரியவில்லை. வயலில் நின்ற ஒரு விவசாயியைக் கேட்டான். இடது பக்கம் போ என்றான் அவன். இடது பக்கம் சதுப்பு நிலம். குதிரைகள் சிக்கின, எதிரி எட்டிப் பிடித்தான். அந்த விவசாயியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னான் என்று சிமா சியென் எழுதுகிறார். ஊரூராய் எரித்துப் போன படையை அவன் பார்த்திருப்பான் என்று நாம் நினைக்கிறோம்.

கடைசியில் ஊ ஆற்றங்கரையில் ஒருவர் படகோடு காத்திருந்தார், ஏறுங்கள், அக்கரை உங்கள் நாடு என்றார். என்னோடு புறப்பட்ட 8000 பிள்ளைகளில் ஒருவனும் திரும்பவில்லை, அவர்கள் பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மறுத்துவிட்டுத் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காகச் சீன ஜனங்கள் இன்றும் அவனுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். அதை நாம் குறை சொல்லமாட்டோம்.

கூட்டம் முடிந்ததும் சிலர் கேட்பீர்கள், அப்படியானால் லியூ பாங் நல்லவனா என்று. ஜெயித்த பிறகு அவன் படைகளைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினான். காட்டுக்கும் சதுப்புக்கும் ஓடினவர்கள் திரும்பி வந்தால் பழைய நிலம் உண்டென்றான். பசிக்காகத் தம்மையே அடிமையாய் விற்றவர்களை விடுதலை செய்தான். நில வரியை விளைச்சலில் பதினைந்தில் ஒரு பங்காக்கினான். இவை உண்மை. கி.மு. 196-இல் ஹான் சின்னும் பெங் யுவேயும் கொல்லப்பட்டதும், யிங் பூ கலகம் செய்து மாண்டதும் உண்மை. சியாவ் ஹெ? அவர் தலைமை அமைச்சரானார். தலைநகருக்குப் பக்கத்தில் அரசன் வேட்டைக்காக ஒரு பெரிய வனம் வைத்திருந்தான். ஜனங்களுக்கு உழ நிலமில்லை, அந்த வனத்தில் சும்மா கிடக்கிற நிலத்தை உழ விடுங்கள் என்று ஒரு நாள் அரசனிடம் கேட்டார். வியாபாரிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறாயா என்று லியூ பாங் அவருக்கு விலங்கு மாட்டிச் சிறையில் போட்டான். சில நாளில் ஒரு காவல் அதிகாரி நியாயம் பேசியதால் விடுவித்தார்கள். வயதான மனிதர், வெறுங்காலோடு அரசன் முன் நடந்து போய் மன்னிப்புக் கேட்டார்.